இணைப்பு அறுந்தால் முதலில் யாருக்குத் தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்: ஆலை இண்டர்காமும் பேஜிங்கும்

சென்ற இதழில் பேஜிங், அதாவது ஆலை முழுவதற்கும் அறிவிப்புச் செய்வதற்கான ஒலிபெருக்கிகளைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களோ ஒலிபெருக்கியை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் ஓடும் கம்பியைப் பற்றியே கேட்கின்றன. எனக்கு மகிழ்ச்சிதான். முப்பத்தோரு ஆண்டுகள் ஆலைகளில் தொலைத்தொடர்புப் பராமரிப்பில் இருந்தவள் நான். திட்டு வாங்குவது எப்போதும் ஒலிபெருக்கி. பழுது பெரும்பாலும் அதற்குப் பின்னால் எங்கோ ஒளிந்திருக்கும்.

கேள்வி: ஐயா, எங்கள் ஆலையில் இரண்டு கட்டுப்பாட்டு அறைகள். கேபிள் பாதை வழியாக அளந்தால் இடைவெளி 1.4 கிலோமீட்டர். இரண்டிலும் தனித்தனி இண்டர்காம் எக்ஸ்சேஞ்ச் (ஆலைக்குள் பேசும் கருவிகளை இணைக்கும் மையம்) இருக்கிறது. இனி எந்த அறையிலிருந்தும் ஆலை முழுவதற்கும் அறிவிப்புச் செய்ய வேண்டும். இணைப்புக்கு ஐபி (குரலைப் பொட்டலங்களாக்கிக் கணினி நெட்வொர்க்கில் அனுப்பும் முறை), இ-1, நான்கு கம்பி அனலாக், ஆர்எஸ்-485 என்று நான்கு வகைகளைக் கையேடு காட்டுகிறது. பழைய 20 ஜோடி டெலிபோன் கேபிளும் அதே பாதையில் கிடக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? — பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்

பதில்: ‘ஐயா’ பழகிவிட்டது, விடுங்கள்.

நான்கையும் ஒரே தட்டில் வைத்துக் கையேடு உங்களைக் குழப்பியிருக்கிறது. ஆர்எஸ்-485 பொதுவாகக் குரலைக் கொண்டுபோவதற்கானது அல்ல. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, எந்தப் பகுதியின் ரிலே (சைகை வந்ததும் தானே மூடும் மின் ஸ்விட்ச்) மூட வேண்டும் என்ற கட்டளைகளைத்தான் அது சுமக்கும். குரலுக்கு வேறு கம்பி தேட வேண்டும். அதன் தூரம் 1,200 மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. வேகத்தைக் குறைத்தால் இன்னும் சற்று இழுக்கலாம் என்பார்கள். இழுக்கலாம்தான். ஆனால் இரண்டு கட்டடங்களின் எர்த் மட்டம் (தரையிணைப்பின் மின்னழுத்தம்) ஒன்றாக இருக்காது. ஆர்எஸ்-485 கருவி தாங்குவது மைனஸ் 7 வோல்ட் முதல் பிளஸ் 12 வோல்ட் வரை. ஒரு பெரிய மோட்டாரில் மின்சாரம் தரைக்குக் கசியும் எர்த் ஃபால்ட் வந்தால், அல்லது பக்கத்தில் இடி விழுந்தால், அந்த வரம்பு எங்கே நிற்கும்? தனிமைப்படுத்தும் கருவி இல்லாமல் கட்டடம் விட்டுக் கட்டடம் அதை இழுக்காதீர்கள்.

நான்கு கம்பி அனலாக் மீது எனக்கு மரியாதை உண்டு. போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி, சைகைக்கு ஒரு ஜோடி. அதற்கு மென்பொருள் இல்லை. மின்சாரம் போய் வந்தால் எழுந்து நிற்க இரண்டு நிமிடம் கேட்பதும் இல்லை. ஆனால் ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பேச்சு. உங்கள் 20 ஜோடியில் ஆறு பாதைகள் தேறும், அதுவும் எல்லா ஜோடியும் நலமாக இருந்தால். பழைய கேபிளில் எல்லா ஜோடியும் நலமாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

இ-1 என்பது ஒரே இணைப்பில் பல குரல்களை முறைவைத்து அனுப்பும் டிஜிட்டல் வழி: விநாடிக்கு 2.048 மெகாபிட், 32 காலத்துண்டுகள், அவற்றில் 30 குரலுக்கு. தாமதம் மிகக் குறைவு, நடத்தை ஒழுங்கு. இரு எக்ஸ்சேஞ்சும் ஒரே தயாரிப்பாக இருந்து, இ-1 அட்டைகள் ஏற்கெனவே செருகியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. புதிதாக வாங்குவதென்றால் ஐபிக்குப் போங்கள்.

ஐபி என்றால் எதன் மேல்? செப்பு ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, இரு முனைகளின் இணைப்புக் கயிறுகளையும் சேர்த்து. ஆகவே ஒளியிழை. அதிலும் குறுந்தூரத்துக்கான மல்டிமோடு வகை வேண்டாம். 100 மெகாபிட் வேகத்தில் அது 2 கிலோமீட்டர் போகும். ஜிகாபிட்டுக்கு மாறும் நாளில் சாதாரணமாக 550 மீட்டரோடு நின்றுவிடும். நெடுந்தூரத்துக்கான சிங்கிள்மோடு போட்டால் 10 கிலோமீட்டர் செல்லும் மாட்யூல்கள் எங்கும் கிடைக்கின்றன. மின்சாரம் கடத்தாத இழை என்பதால் மேலே சொன்ன எர்த் தொல்லையும் ஒழிகிறது. கேபிளின் உலோகக் கவசத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். இழைதான் கடத்தாது, கவசம் நன்றாகவே கடத்தும்.

பழைய 20 ஜோடியை மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம். டெலிபோன் கம்பியில் தரவை அனுப்பும் எஸ்ஹெச்டிஎஸ்எல் மோடம் இரண்டு வைத்தால், ஒரு ஜோடியிலேயே இரு திசையிலும் சமமாக 2 மெகாபிட் அளவுக்குக் கிடைக்கும், 1.4 கிலோமீட்டர் அதற்குச் சிரமமான தூரம் அல்ல. ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கேபிள் ‘அதே பாதையில்’ கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே ஒளியிழையையும் போட்டால், ஒரு தீயோ ஒரு மண்வெட்டும் இயந்திரமோ இரண்டையும் ஒரே நிமிடத்தில் முடித்துவிடும். ஒளியிழையைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோங்கள். 800 மீட்டர் கூடுமா? கூடட்டும், இழைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இனித்தான் நீங்கள் கேட்காத கேள்வி. இந்த இணைப்பு அறுந்தால் அது யாருக்கு, எத்தனை நேரத்தில் தெரியும்?

நான் பொறுப்பேற்ற ஓர் ஆலையில், தொலைவிலிருந்த ஒரு பகுதிக்குப் போகும் பேஜிங் இணைப்பு ஏழு மாதமாகச் செத்துக் கிடந்தது. தீயணைப்பு ஒத்திகையன்றுதான் தெரிந்தது: அந்தப் பகுதியிலிருந்து ஒருவர்கூட வெளியே வரவில்லை. அங்கே ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு, இங்கே எக்ஸ்சேஞ்சிலும் பச்சை விளக்கு. தன்னளவில் இரண்டும் நலம். நடுவில்தான் ஒன்றும் இல்லை. டெலிபோன் செத்தால் ஒரு மணி நேரத்தில் யாராவது வந்து கத்துவார்கள். பேஜிங் ஒருவழிப் பேச்சு. கேட்காதவனுக்குத் தான் கேட்கவில்லை என்பதே தெரியாது.

எனவே கொள்முதல் ஆவணத்தில் மூன்று வரிகளைச் சேர்த்துவிடுங்கள். இணைப்பு அறுந்தால் இருபுறமும் அலாரம் ரிலே மூட வேண்டும். அந்த ரிலே, இயக்குபவர் எப்போதும் பார்க்கும் அலாரம் பலகைக்கே போக வேண்டும், பூட்டிய அறையிலுள்ள கணினிக்கு அல்ல. ஒலிபெருக்கி வரையிலான கம்பியையும் காதுக்குக் கேட்காத சோதனைத் தொனியாலோ வேறு முறையாலோ கருவி தானே கண்காணிக்க வேண்டும். இணைப்பு போனாலும் ஒவ்வோர் அறையும் தன் பகுதிக்குத் தானே அறிவிப்புச் செய்ய முடிய வேண்டும். மூன்றாவதற்கு “சர்வர் ஒன்றுதான், அது அந்த அறையில் இருக்கிறது” என்று விற்பனையாளர் பதில் சொன்னால், வேறு விற்பனையாளரைப் பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது 2 மெகாபிட் இணைப்பு. குரலுக்கு அது போதவே போதாது என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பதில்: கணக்குப் போடுவோம். ஜி.711 என்ற வழக்கமான டிஜிட்டல் குரல் வடிவத்துக்கு விநாடிக்கு 64 கிலோபிட். 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலம் என்றால் விநாடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் முகவரிச் சுமை. ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் ஒரு குரலுக்கு ஏறத்தாழ 87 கிலோபிட். ஒரே நேரத்தில் பத்துப் பேச்சு நடந்தாலும் ஒரு திசையில் 900 கிலோபிட்டைத் தாண்டாது. தாராளமாகப் போதும்.

ஆனால் அவர் முழுக்கத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். அவருடைய கருவி, பேஜிங்கை ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தனித்தனிப் பிரதியாக அனுப்பும் வகையா என்று கேளுங்கள். அப்படியானால் 40 ஒலிபெருக்கிக்கு 40 பிரதி, 3.5 மெகாபிட், உங்கள் இணைப்பு திணறிவிடும். மல்டிகாஸ்ட் என்ற பொது அனுப்புமுறையில் ஒரே பிரதிதான் போகும், ஒலிபெருக்கி நான்கானாலும் நானூறானாலும்.

இடம் மிச்சப்படுத்த ஜி.729 என்ற இன்னொரு குரல் வடிவத்துக்கு மாறச் சொல்வார்கள். வேண்டாம். அது மனிதப் பேச்சுக்காகவே வடித்த சுருக்கம்; அபாயச் சங்கின் தொனியைச் சிதைத்துவிடும். முடிந்தால் ஜி.722 பயன்படுத்துங்கள். அதற்கும் அதே 64 கிலோபிட்தான், ஆனால் 7,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி போகும். ஸ, ஃப போன்ற ஒலிகளின் பலம் பெரிதும் டெலிபோன் வெட்டிவிடும் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. இரைச்சலுள்ள இடத்தில் சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டுவது அந்த ஒலிகள்தான்.

கேள்வி: இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இ-1 மூலம் இணைத்திருக்கிறோம். பேச்சு தெளிவாக வருகிறது; ஆனால் சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒரு சத்தம். கேபிளை மாற்றிப் பார்த்தோம், போகவில்லை.

பதில்: என் இளமையை ஞாபகப்படுத்திவிட்டீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே சத்தத்தைத் துரத்தி மூன்று இரவுகள் விழித்திருக்கிறேன். அட்டை மாற்றினேன், கனெக்டரை மறுபடி பற்றவைத்தேன், கேபிளின் தடையை அளந்தேன். நான்காம் இரவு எங்கள் மூத்த டெக்னீஷியன் வந்தார். ரிசீவரைக் காதில் வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பத்து ‘டிக்’ எண்ணினார். “சீராக வருகிறதம்மா. கேபிள் பழுது இவ்வளவு ஒழுங்காக வராது” என்றார்.

இ-1 சட்டகம் ஒன்றின் நீளம் 125 மைக்ரோ விநாடி. இரு முனைகளும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். ஒருவர் தாளம் போட, மற்றவர் அதைக் கேட்டு நடக்க வேண்டும். இரண்டு எக்ஸ்சேஞ்சும் தத்தம் உள்கடிகாரத்தில் ஓடினால், மெல்ல மெல்ல விலகி, ஒரு சட்டகம் அளவு விலகியதும் ஒன்று தொலைகிறது அல்லது இருமுறை வருகிறது. அதுதான் அந்த ‘டிக்’. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால் 2.5 விநாடிக்கு ஒன்று. ஒரே ஒரு பங்கு என்றால் 125 விநாடிக்கு ஒன்று. உங்கள் கடிதத்தில் ‘சில விநாடி’ என்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள். சீராக இருந்தால் ஒரு முனையை ‘இணைப்பிலிருந்து கடிகாரம் எடு’ என்ற அமைப்புக்கு மாற்றுங்கள். ஒரு முனையை மட்டும். இரண்டையும் மாற்றினால் ஒருவரை ஒருவர் பின்தொடர்ந்து இருவரும் வழி தவறுவார்கள்.

கேள்வி: புதிதாக 36 ஐபி ஒலிபெருக்கிகள் பொருத்தினோம். அவற்றை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை அணைத்துப் போட்டதும் பேஜிங் அருமையாக வருகிறது. நான்கு நிமிடம் கழித்து எதிலும் வருவதில்லை. தனித்தனியாக அழைத்தால் ஒவ்வொன்றும் பேசுகிறது! இதுவரை மூன்று ஸ்விட்ச் மாற்றிவிட்டோம். — மின்பிரிவு மேற்பார்வையாளர்

பதில்: நான்காவதை வாங்காதீர்கள். அதே கைக்கடிகாரத்தை எடுங்கள். சரியாக 4 நிமிடம் 20 விநாடியை ஒட்டி அமைதியாகிறதா? அப்படியானால் பழுது ஸ்விட்சில் இல்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருக்கிறது.

மல்டிகாஸ்ட் குரல் யாருக்கு வேண்டும் என்பதை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டுக் குறித்துவைக்கிறது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்பது அதுதான். நீங்கள் ஸ்விட்சை அணைத்துப் போடும்போது, அதிலிருந்தே மின்சாரம் வாங்கும் ஒலிபெருக்கிகளும் புதிதாக எழுந்து “நான் இருக்கிறேன்” என்று சொல்கின்றன. பெயர் பதிவாகிறது. அதன்பின் யாராவது அவ்வப்போது, வழக்கமாக 125 விநாடிக்கு ஒருமுறை, வருகைப்பதிவு எடுக்க வேண்டும். பதில் சொன்னவரின் பெயர் நிற்கும். 260 விநாடி வரை ஒருவரிடமிருந்தும் குரல் இல்லையென்றால் ஸ்விட்ச் பெயரை அடித்துவிடும். வருகைப்பதிவு எடுக்கும் அந்த வேலைக்குக் ‘கொயரியர்’ என்று பெயர். பெரிய நெட்வொர்க்கில் ரவுட்டர் அதைச் செய்யும். உங்களுடையது வெளியுலகத் தொடர்பில்லாத தனி நெட்வொர்க். ரவுட்டர் இல்லை, ஆசிரியரும் இல்லை. பாவம், ஒலிபெருக்கிகள் கேட்டால் சொல்லக் காத்திருக்கின்றன, கேட்பாரில்லை.

நடு ஸ்விட்சில் கொயரியரை இயக்குங்கள். துணைக்கு இன்னொன்றிலும் இயக்கலாம். ஐபி முகவரி சிறியதாக உள்ளது பொறுப்பை எடுத்துக்கொள்ளும், அது விழுந்தால் மற்றது எழும். ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. அப்போது பேஜிங் வரும்தான், ஆனால் எல்லாக் கதவுகளிலும் வெள்ளமாகப் போய், பக்கத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் நனைக்கும்.

பொருத்தி முடித்த அன்று சோதித்துக் கையெழுத்து வாங்கிப் போனவர் எத்தனை நிமிடம் சோதித்தார் என்று நான் கேட்கப் போவதில்லை.

கேள்வி: பேஜிங் ஒலிபெருக்கிகளை வைஃபையில் இணைக்கலாமா? கம்பிச் செலவு மிச்சமாகுமே.

பதில்: மல்டிகாஸ்ட் பொட்டலத்துக்கு வைஃபையில் ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை கிடையாது, தொலைந்தால் மறுபடி அனுப்பவும் மாட்டார்கள். “வெளியேற வேண்டாம்” என்ற அறிவிப்பில் கடைசிச் சொல் தொலைவதை நினைத்துப் பாருங்கள். ஓடும் கிரேன் போல் வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும், தனிப் பிரதியாக அனுப்பும் முறையில் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில் கம்பி.

கேள்வி: கன்வேயர் கூடத்தில் பாதித் தூரம் பழைய 100 வோல்ட் ஒலிபெருக்கிகள், மீதி ஐபி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்கிறது.

பதில்: பழையதில் குரல் உடனே வருகிறது. ஐபியில் பொட்டலம் கட்ட 20 மில்லி விநாடி, ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் ஜிட்டர் பஃபரில் 60 என்றால், 80 மில்லி விநாடி பின்தங்குகிறது. ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர்தான் நடக்கும். ஆகவே உங்கள் ஐபி ஒலிபெருக்கி, காதின் கணக்கில், 27 மீட்டர் பின்னால் தள்ளி மாட்டியது போல. ஏறக்குறைய 50 மில்லி விநாடியைத் தாண்டினால் காது அதை எதிரொலி என்று தனியே பிரித்துவிடுகிறது.

பழைய ஆம்ப்ளிஃபயருக்கும் குரலை, பொட்டலத்தை மறுபடி ஒலியாக்கும் ஓர் ஐபி டிகோடர் வழியாகவே கொடுங்கள். இரண்டும் ஒரே அளவு தாமதமாகும். ஜிட்டர் பஃபரைத் ‘தானாக மாறும்’ நிலையில் விடாமல், எல்லாவற்றிலும் ஒரே நிலையான எண்ணை வையுங்கள். தானாக மாறினால் இன்று பொருந்தியது நாளை பொருந்தாது. அல்லது இரண்டின் எல்லையை ஒரு சுவரிலோ கதவிலோ கொண்டுபோய் வையுங்கள். கலையில்லாத தீர்வு, நான் இருமுறை செய்திருக்கிறேன்.

கேள்வி: எரிவாயு சூழும் அபாயம் உள்ள பகுதிக்கு ஒளியிழை கொண்டுபோகிறோம். அதில் மின்சாரமே இல்லை என்பதால் சான்றிதழ் தேவையில்லை என்கிறார் ஒப்பந்தக்காரர்.

பதில்: இழையில் மின்சாரம் இல்லை. இழையின் முனையில் ஒளியை மின்சைகையாக மாற்றும் கன்வர்ட்டர் பெட்டியில்? அது அந்தப் பகுதிக்கு உரிய வெடிப்புப் பாதுகாப்புச் சான்று பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் பாதுகாப்பான பகுதியில் இருக்க வேண்டும். வெளிச்சத்தையும் சும்மா விட முடியாது: செறிந்த ஒளி ஒரு தூசியின் மேல் பட்டு அதைச் சூடாக்கலாம். ஐஇசி 60079-28 என்ற தரநிலை அதற்காகவே இருக்கிறது. சாதாரணத் தொடர்பு மாட்யூலின் ஒளி மிகச் சிறியதுதான். ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியது ஆவணம், ஒப்பந்தக்காரரின் வாய் அல்ல.

ஒற்றை ஜோடிக் கம்பியில் 1,000 மீட்டர் வரை 10 மெகாபிட் ஈதர்நெட் போகும் முறை 2019-இல் தரநிலையானது. அதன் மேல் கட்டிய ஈதர்நெட்-ஏபிஎல் அபாயப் பகுதிகளுக்கென்றே வகுத்தது. வாங்கப்போகும் இண்டர்காம் அதை ஏற்குமா என்று கேட்டுவையுங்கள்.

கேள்வி: தனி நெட்வொர்க் வேண்டாம், அலுவலக நெட்வொர்க்கிலேயே ஒரு விஎல்ஏஎன் (அதே ஸ்விட்சுகளில் பிரித்துவைத்த தனிப் பகுதி) ஒதுக்கித் தருகிறோம் என்கிறது நிர்வாகம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: விஎல்ஏஎன் போக்குவரத்தைத்தான் பிரிக்கும், மின்பிளக்கைப் பிரிக்காது. நிர்வாகத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்விட்சுகளை எப்போது நிறுத்தி மென்பொருளைப் புதுப்பிப்பீர்கள், எங்களிடம் சொல்வீர்களா? மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? ஒரு கேபிள் அறுந்தால் எத்தனை விநாடியில் மாற்று வழி திறக்கும்? மாற்று வழி தேடும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறை என்றால் 30 முதல் 50 விநாடி. ஓர் அபாய அறிவிப்பு தொடங்கி முடிந்தே போகும். ஸ்விட்சுகளை வட்டமாக இணைக்கும், ஆலைகளுக்கான எம்ஆர்பி வளையம் 200 மில்லி விநாடிக்குள் திரும்பிவிடும். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். “பார்த்துக்கொள்ளலாம்” என்று வந்தால், போட்டிருக்கும் ஒளியிழைக் கேபிளில் சும்மா கிடக்கும் இரண்டு இழைகளைக் கேட்டு வாங்கி உங்கள் ஸ்விட்சுகளைத் தனியே வையுங்கள்.

கேள்வி: ஐபி வந்துவிட்டது. பழைய பார்ட்டி லைன் (பலர் ஒரே கம்பியில் பேசும் முறை) கேபிளை வெட்டி எடுத்துவிடலாமா?

பதில்: புதியது எல்லாப் பருவங்களையும் ஒருமுறை பார்க்கட்டும். அதன்பிறகும், ‘பயன்பாட்டில் இல்லை’ என்று வரைபடம் சொல்லும் ஒவ்வொரு ஜோடியிலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். நான் அப்படி வைத்த ஒன்றில் 24 வோல்ட் இருந்தது. எடைமேடையின் சிவப்பு விளக்கை யாரோ அதில் மாட்டியிருந்தார்கள். யார், எந்த ஆண்டு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.